டிவியை உயரத்தில் மாட்டினால் முகம் ஏன் கறுக்கிறது?

கேள்வி: இடம் குறைவு என்பதால் 32 அங்குல டிவியை அலுமாரிக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறோம். பாயில் உட்கார்ந்து பார்த்தால் முகங்கள் கறுத்து, சில இடங்களில் நெகட்டிவ் போலத் தெரிகின்றன. எழுந்து நின்றால் சரியாகிறது. ரிமோட்டில் வெளிச்சத்தைக் கூட்டியும் பயனில்லை. பெனலை மாற்ற வேண்டுமா?
– வாசகி, கொட்டகலை

பதில்: வேண்டவே வேண்டாம். எழுந்து நின்றால் படம் சரியாகிறதே, பெனலில் பழுதில்லை. இது டி.என். வகைப் பெனலின் குணம். அதில் திரவப் பளிங்கு மூலக்கூறுகள் இரு கண்ணாடிகளுக்கு நடுவே 90 பாகை முறுக்கி நிற்கும். மின்னழுத்தம் கிடைத்ததும் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழும். பாதி எழுந்த நிலையில்தான் இடைப்பட்ட நிறங்கள் வருகின்றன; அந்தச் சாய்வைக் கீழிருந்து பார்க்கும்போது கருமையும் சாம்பலும் இடம் மாறிவிடுகின்றன. பின்விளக்கைக் கூட்டினால் எல்லாம் சேர்ந்து பிரகாசமாகுமே தவிர, மாறிய இடம் திரும்பாது. கடையில் விற்கும் ஒட்டுத்தாளும் உதவாது. கோணத்தைத் திருத்தும் படலம் தொழிற்சாலையிலேயே முனைவாக்கியோடு (ஒளியை ஒரே திசை அதிர்வாக வடிகட்டும் தாள்) சேர்த்து ஒட்டப்படுவது.

அளந்து பாருங்கள். திரையின் நடு 170 சென்ரிமீற்றர் உயரம், பாயில் இருப்பவர் கண் 80, தூரம் 2 மீற்றர் என்றால் கோணம் ஏறக்குறைய 24 பாகை. நடுவை 110க்கு இறக்கினால் 9 பாகைக்குள் வந்துவிடும். இறக்க இடமில்லையா? 15 பாகை முன்சாயும் பிராக்கெட் போடுங்கள், அதே பலன். டிவியின் முதுகில் உள்ள துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஆணி இறுகும் முன்னே முட்டினால் அத்தோடு நிறுத்துங்கள். நீளம் கூடிய ஆணி உள்ளே இருக்கும் போர்டைக் குத்தும். ஓதம் ஏறிய சுவரில் ரோல் பிளக் நிற்காது. சாந்தைத் தாண்டி உறுதியான கல்லில் துளையிடுங்கள்.

கேள்வி: டியூஷன் வகுப்புக்கு 50 அங்குல டிவி வாங்கினோம். பெட்டியில் பார்வைக் கோணம் 178 பாகை என்றிருக்கிறது. ஓரத்துப் பிள்ளைகளுக்கோ நிறம் வெளுத்துத் தெரிகிறது.
– ஆசிரியர், பண்டாரவளை

பதில்: ஒளிர்வு விகிதம் (வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு பிரகாசம் என்பது) 10:1 ஆகக் குறையும் வரையுள்ள கோணத்தையே வழக்கமாக அப்படி எழுதுகிறார்கள். நேரே பார்த்தால் 3000:1 காட்டும் வி.ஏ. என்ற வகைப் பெனல் பக்கவாட்டில் எவ்வளவு வெளுத்தாலும் அந்த எண் பொய்யாகாது. அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். ஐ.பி.எஸ். பெனலில் மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகவே திரும்புவதால் ஓரத்திலும் நிறம் நிற்கும். ஆனால் நேர் விகிதம் 1000:1 அளவுதான், இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். வெளிச்சமுள்ள வகுப்புக்கு அது குறையல்ல. அடுத்த முறை மங்கிய வெளிச்சத்தில் எடுத்த முகப்படம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய், கடையில் 45 பாகை தள்ளி நின்று பாருங்கள்.

இப்போதைக்கு, 3 மீற்றர் தூரத்தில் நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் 1.7 மீற்றருக்குள் வாங்குகளைப் போடுங்கள். 30 பாகைக்குள் அடங்கும். படத்தின் இடைநிறங்கள் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் காமா அமைப்பை 2.2இலிருந்து 2.4க்கு மாற்றினால் ஓரத்து வெளுப்பு கொஞ்சம் குறையும். பாடக் குறிப்புகளை வெள்ளைப் பின்னணியில் தடித்த கறுப்பு எழுத்தில் போடுங்கள். வெளிர்மஞ்சளும் இளநீலமும்தான் ஓரத்தில் முதலில் காணாமல் போகும்.