வளைவில் மூக்கு திரும்பாத கார்

ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் கார் வளைவின் வெளிப்பக்கமாகவே நழுவிப் போவதுதான் அண்டர்ஸ்டியர். பின் டயர்களுக்கு முன்பாகவே முன் டயர்கள் பிடிப்பை இழந்துவிட்டன என்று அர்த்தம். இந்த இதழின் நான்கு கேள்விகளும் இதைப் பற்றியவை.

கேள்வி: என்னுடையது 2013 டொயோட்டா 86. கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு, நல்ல பிடிப்புள்ள 225/45 ஆர்17 போட்டேன். செப்பாங் பந்தயப் பாதையின் 5, 6-ஆம் வளைவுகளில் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது. முன் டயர்களின் வெளி விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்துவிட்டது. பின்னால் தடிமனான ஆன்ட்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் இரும்புத் தண்டு) போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா? (பெட்டாலிங் ஜெயா வாசகர்)

இப்போது வேண்டாம். காரணத்தை உங்கள் டயரே காட்டுகிறது.

இந்தக் கார் 215/45 ஆர்17 மிஷலின் பிரைமசி டயரோடு வந்தது. அதன் பிடிப்பு குறைவு என்பதால் வளைவில் கார் அதிகம் சாயாது. முன்சக்கர கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) ஏறக்குறைய பூஜ்யத்தில் இருந்தாலும் சமாளித்துவிடும். நீங்கள் போட்ட டயருக்குப் பிடிப்பு அதிகம், அதனால் சாய்வும் அதிகம். முன்பக்கம் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன். கார் சாயும் அளவுக்கு வெளிச்சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்க இந்த அமைப்பால் முடியாது. டயர் தன் வெளி விளிம்பில் ஏறி நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் பாதிதான் சாலையைத் தொடுகிறது.

ஆகவே முதல் வேலை முன்பக்கம் நெகட்டிவ் கேம்பர் கொடுப்பது, அதாவது சக்கரத்தின் மேற்பகுதியை உள்நோக்கிச் சாய்ப்பது. ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டு) சேரும் இடத்தில் இரண்டு போல்ட்டுகள் இருக்கும். மேல் போல்ட்டுக்குப் பதிலாக, நடுத்தண்டு மெலிந்த கேம்பர் போல்ட் போட்டால் பக்கத்துக்கு 1 முதல் 1.5 டிகிரி வரை கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஸ்ட்ரட்டின் தலையில் கேம்பர் பிளேட் பொருத்த வேண்டும். சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே கார் என்றால் முன்னால் மைனஸ் 2 டிகிரி, பின்னால் மைனஸ் 1.5 நல்ல தொடக்கம். இரு பக்கங்களுக்கும் இடையே 0.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

போல்ட்டை மாற்றும்போது நக்கிளுக்கு ஒரு ஜாக்கி முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அது வெளியே சரிந்து ஏபிஎஸ் வயரையும் பிரேக் ஹோஸையும் இழுத்துவிடும். சர்வீஸ் மேனுவலிலோ போல்ட்டோடு வந்த தாளிலோ உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு, டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். வீல் நட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர். முறுக்கியதும் போல்ட் தலைமேலும் ஸ்ட்ரட்மேலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கேம்பர் போல்ட் வழுக்குவது அடிக்கடி நடக்கும். முதல் சுற்றுகள் முடிந்ததும் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேம்பரைத் தொட்டால் டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்முனைகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறிவிடும். அதனால் அன்றே அலைன்மென்ட் செய்ய வேண்டும். டாங்கில் பாதி பெட்ரோல், ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடை, டயரில் சரியான காற்று. இந்த மூன்றும் இருக்கும் நிலையில் அளக்கச் சொல்லுங்கள். முன் டோ பூஜ்யம். பின்னால் இரு சக்கரமும் சேர்த்து 2 மி.மீ. டோ-இன் (முன்முனைகள் உள்நோக்கி). மூக்கு சுறுசுறுப்பாகத் திரும்பும் என்று பின் சக்கரங்களுக்கு டோ-அவுட் (முன்முனைகள் வெளிநோக்கி) வைப்பவர்கள் உண்டு. வேகமான வளைவில் பிரேக்கைத் தொட்டால் கார் சுழன்றுவிடும். செய்யாதீர்கள்.

அடுத்தது காற்று. சூடேறாத டயரில் 35 பிஎஸ்ஐ சாலைக்கானது. டிராக்கில் நாலைந்து சுற்றில் 5, 6 பிஎஸ்ஐ ஏறிவிடும். 30-இல் தொடங்கி, பிட்டுக்குள் (டிராக்கை ஒட்டி கார்கள் நிற்கும் இடம்) வந்த உடனே அளந்து, நான்கிலும் 35, 36 இருக்கும்படி சரிசெய்யுங்கள். கூடவே டயர் ரப்பருக்குள் குத்திப் பார்க்கும் ஊசி வகைத் தெர்மாமீட்டரால் உள், நடு, வெளி என மூன்று இடத்திலும் வெப்பம் பாருங்கள். லேசர் வகை வேண்டாம். அது காட்டுவது மேல்தோலின் சூட்டை. பிட்டுக்குள் ஊர்ந்து வருவதற்குள் அது ஆறிவிடும். உள் விளிம்பு வெளி விளிம்பைவிட 5 முதல் 8 டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தால் கேம்பர் சரி. வெளி விளிம்பு சூடாக இருந்தால் இன்னும் கேம்பர் தேவை. நடு மட்டும் சூடாக இருந்தால் காற்று அதிகம்.

இத்தனைக்குப் பிறகும் தள்ளினால் மட்டும் பின் பாரைப் பற்றி யோசியுங்கள். ஒரு டயரின் மேல் சுமை இரட்டித்தால் அதன் பிடிப்பு இரட்டிக்காது. அதைவிடக் குறைவாகத்தான் கூடும். பின் பாரை விறைப்பாக்கினால் பின்பக்கச் சுமை அதிகமாக வெளி டயருக்கு மாறி, பின் இரண்டு டயர்களின் மொத்தப் பிடிப்பு குறையும். முன்பக்கம் தேறியதுபோல் தெரிவதற்கு பெரும் காரணம், பின்பக்கம் மோசமானதுதான். பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 14 மி.மீ.க்குப் பதில் 16 மி.மீ. என்றால் பார்வைக்குச் சின்ன மாற்றம், விறைப்போ 70 சதவீதம் கூடுதல். அது உள் பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் டார்சன் டிஃபரன்ஷியலும் (இரு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பங்கிடும் கியர் அமைப்பு) கைவிட்டுவிடும். மாலை மழையில் நனைந்த செப்பாங்கில் அந்தக் கார் உங்களை மன்னிக்காது. வாங்குவதானால் துளைகள் மாற்றும் வகையாக வாங்கி, மிக மென்மையான துளையில் தொடங்குங்கள்.

கேள்வி: 2008 சிவிக் 1.8-க்குக் காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் தொகுப்பு) போட்டு 40 மி.மீ. இறக்கினேன். இப்போது பழைய ஸ்பிரிங்கில் இருந்ததைவிட அதிகமாக வெளியே தள்ளுகிறது. டேம்பரில் (ஷாக் அப்சார்பர்) விறைப்பை மாற்றும் திருகை எத்தனை கிளிக் மாற்ற வேண்டும்? (கோவை வாசகர்)

கிளிக்கால் தீராது. இவ்வளவு இறக்கியதில் கீழ்க் கையின் (சக்கரத்தைக் காரின் உடலோடு கீழே இணைக்கும் கம்பி) உள்முனை தாழ்ந்து, சக்கரப் பக்க முனை மேலே போயிருக்கும். அதன்பின் சக்கரம் மேலேறும்போதெல்லாம் நெகட்டிவ் கேம்பர் கூடாமல் குறையும். ரோல் சென்டர் (வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), காரின் எடைமையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடுவதால், காரைச் சாய்க்கும் நெம்புகோலும் நீண்டுவிடும்.

இன்னொன்றையும் சோதியுங்கள். டேம்பர் தண்டில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, டேம்பர் உடலை ஒட்டி நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். அது மேலே தள்ளப்பட்டு, சஸ்பென்ஷன் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொட்டிருந்தால், வளைவின் நடுவே முன்பக்கம் அந்த ரப்பரின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. அந்த நொடியில் முன் விறைப்பு பலமடங்கு ஏறும், மூக்கு வெளியே ஓடும்.

முன்பக்கத்தை 15, 20 மி.மீ. ஏற்றுங்கள். பின்னால் முன்பக்கத்தைவிட 5 மி.மீ. கூடுதலாகவே இருக்கட்டும். உயரத்தை மாற்றியதும் மீண்டும் அலைன்மென்ட். கீழ்க் கையின் கோணத்தைத் திருத்தும் நீண்ட பால் ஜாயின்ட் கிடைத்தால் ஓரளவு இறக்கத்தை வைத்துக்கொள்ளலாம்.

பிறகு கிளிக்குகளுக்கு வரலாம். ஒரே திருகு உள்ள டேம்பரில் பெரும்பாலும் ரீபவுண்டுதான் (அமுங்கிய டேம்பர் மீண்டும் நீள்வதற்கான தடை) மாறும். முழு விறைப்பிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வளைவைவிட்டு வெளியேறும்போது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மூக்கு தூக்கித் தள்ளினால் முன் ரீபவுண்டை இரண்டு கிளிக் விறைப்பாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், அதற்கு நாலைந்து சுற்று. வளைவின் நடுவில், ஒரே வேகத்தில் நிலையாகப் போகும்போது தள்ளினால் டேம்பரைத் திருகிப் பயனில்லை. டேம்பர் வேலை செய்வது சஸ்பென்ஷன் அசையும்போது மட்டும்தான்.

உங்களுடையது முன்சக்கர இயக்கக் கார். இழுப்பதும் திருப்புவதும் முன் டயர்களே, பின் டயர்கள் கூடவே வருகின்றன. அதனால் பின் பாரைப் பற்றி மேலே சொன்ன தயக்கம் இங்கே குறைவு. கேம்பர் சரியான பிறகு ஒரு படி விறைப்பான பின் பார் நல்ல பலன் தரும்.

கேள்வி: தப்பு காரிலா, என் ஓட்டுதலிலா? எப்படிக் கண்டுபிடிப்பது? (சென்னை வாசகர்)

இருங்காட்டுக்கோட்டை டிராக் நாளில் இதைச் செய்து பாருங்கள். மூக்கு தள்ளத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை மேலும் திருப்பாமல், நேராக்கும் பக்கமாக 10, 15 டிகிரி திருப்பி எடுங்கள். உடனே முன்பக்கம் மீண்டும் பிடித்தால், டயர் தாங்கும் கோணத்துக்கு மேல் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். அடுத்து, வளைவுக்குள் நுழையும் வேகத்தை மணிக்கு 5 கி.மீ. குறைத்து, திருப்பத் தொடங்கிய பிறகும் பிரேக்கைச் சட்டென்று விடாமல் மெல்ல மெல்ல விடுங்கள். முன் டயரில் சுமை இருக்கும்போதே கார் திரும்பிவிடும். இரண்டும் செய்தும் எல்லா வளைவிலும் தள்ளினால் ஸ்பேனரை எடுங்கள். ஒரே பக்க வளைவில் மட்டும் தள்ளினால் முதலில் அந்த வெளிச்சக்கரத்தின் கேம்பரையும் காற்றையும் பாருங்கள்.

கேள்வி: முன் டயர்களை மட்டும் நல்ல டயராக மாற்றினால் போதுமா? (திருச்சி வாசகர்)

கூடாது. சாலையில் ஓடும் காரில் பிடிப்பு குறைந்த டயர் பின்னால் இருக்கவே கூடாது. மழைநீர் தேங்கிய வளைவில் பின்பக்கம் முதலில் மிதந்துவிடும், திருத்த நேரம் கிடைக்காது. நான்கும் ஒரே பிராண்ட், ஒரே மாடலாக வாங்குங்கள். இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், இப்போது ஓடும் அதே மாடலில் வாங்கிப் புதியவற்றைப் பின்னால் போடுங்கள்.