தூண்டில் மேடை: குஞ்ச ஜிக்கும் ரப்பர் புழுவும்

டெக்சஸில் பணிபுரியும் என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது, குஞ்சம் கட்டிய சிறிய ஈயத்தலை முட்களையும் ரப்பர் புழுக்களையும் ஒரு பெட்டி நிறையக் கொடுத்துவிட்டுச் சென்றார். பாஸ் மீனுக்கு உரியவை என்றார். சேலம் மீன் கடைகளில் 'சீ பாஸ்' என்று எழுதி விற்கிறார்களே, அந்த மீனா இது?
– வாசகர், கன்னங்குறிச்சி

இல்லை. கடையில் 'சீ பாஸ்' என்று எழுதி வைத்திருப்பது கடலிலும் கழிமுகத்திலும் வளரும் நம் கொடுவா. உங்கள் மைத்துனர் சொன்னது வட அமெரிக்காவின் நன்னீர் மீனான லார்ஜ்மவுத் பாஸ். இது மூழ்கிய மரம், பாறை இடுக்கு, பாசித்திட்டு போன்றவற்றை ஒட்டி மறைந்து நின்று, அருகில் வரும் இரையைத் தண்ணீரோடு சேர்த்து வாய்க்குள் உறிஞ்சிக்கொள்ளும். பிடிக்கவில்லையென்றால் உறிஞ்சிய வேகத்திலேயே துப்பியும் விடும். இந்தக் குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பெட்டியில் உள்ளவை எதற்கென்று தெரிந்துவிடும்.

குஞ்சம் கட்டியதன் பெயர் ஜிக். அடர்ந்த பாசிக்குள் வீசும் பெரிய ஜிக் 10 முதல் 20 கிராம் வரை இருக்கும். அதன் முள்ளும் தடித்தது. உங்களிடம் இருப்பது ஃபினெஸ் ஜிக்காக இருக்க வேண்டும். அதன் எடை பெரும்பாலும் மூன்றரை முதல் ஏழு கிராம், முள் மெல்லியது, சிலிக்கான் குஞ்சம் குட்டையாகக் கத்தரிக்கப்பட்டிருக்கும். அடியில் ஊரும் கிரேஃபிஷ் என்னும் நன்னீர்ப் பிராணியை, அதாவது நண்டுக்கும் இறாலுக்கும் இடைப்பட்ட தோற்றமுள்ள ஒன்றை, அது நினைவூட்டுகிறது. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்போதும், திடீர்க் குளிரில் மீன் சோர்ந்திருக்கும்போதும், நாள்தோறும் பலர் வீசிப் பழகிப்போன ஏரிகளிலும் மீன் துரத்த முன்வராது. அப்போதுதான் இந்தச் சிறிய உருவங்களுக்கு வேலை.

ரப்பர் புழு என்கிறோமே தவிர அதில் ரப்பர் கிடையாது. ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949-இல் மென்மையான பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கத் தொடங்கிய புழுவின் வழிவந்தவையே இன்றைய புழுக்கள் அனைத்தும்.

அந்தப் புழுக்களை நானும் இணையத்தில் வாங்கிப் பெட்டியில் அடுக்கி வைத்தேன். வெயிலுக்குப் பிறகு திறந்து பார்த்தால் பெட்டியின் அடிப்பகுதி உருகி, புழுக்கள் அதில் ஒட்டிக் கிடக்கின்றன. போலிச் சரக்கா?
– வாசகர், ஆத்தூர்

சரக்கின் மேல் குற்றமில்லை. புழு மென்மையாக இருப்பதற்காக அதில் சேர்க்கப்படும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து, சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். வாங்கிய உறையிலேயே வைத்திருங்கள். கறுப்பையும் வெளிர் நிறத்தையும் ஒன்றாகப் போட்டால் சாயம் ஏறிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

ஒரு மணி நேரம் புழுவை வீசி வீசி இழுத்தும் ஒரு கொத்துக்கூட விழவில்லை. ஸ்பின்னரில் மட்டும் மீன் அடிக்கிறது. புழுவை எப்படி இழுக்க வேண்டும்?
– வாசகர், மேட்டூர்

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: புழுவை இழுக்கக் கூடாது. ஸ்பின்னர் என்னும் தகடு சுழலும் தூண்டில், சுழன்றால்தான் உயிர் பெறும். புழு சும்மா கிடந்தாலே உயிரோடு இருப்பதுபோல் தோன்றும். நானும் முதல் ஆண்டு முழுவதும் உங்களைப் போலவே ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தவன்தான். அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டியில், அடித்தரை தெளிவாகத் தெரியும் தண்ணீரில், அதைப் போட்டுப் பார்த்த பிறகே புத்தி வந்தது. பத்துக் கிராம் ஈயத்தோடு போட்டபோது புழு கல்லைப்போல் தலைகுப்புறப் போய்த் தரையில் மோதியது. மூன்றரைக் கிராமுக்கு மாற்றியதும், வால் நடுங்க நடுங்க, அவசரமில்லாமல் இறங்கியது. ராடின், அதாவது தூண்டில் கோலின், நுனியை ஒரு விரற்கடை அளவு அசைத்தேன். புழு இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை, ஆனால் நான் கையை நிறுத்திய பின்னும் அதன் வால் சற்று நேரம் அசைந்துகொண்டிருந்தது. மீன் வந்து எடுப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

ஆகவே, வீசியவுடன் நரம்பை, அதாவது தூண்டில் இழையை, இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறுகிய நரம்பில் கட்டிய புழு ஊஞ்சல்போல் உங்களை நோக்கி வந்துவிடும்; நீங்கள் குறிவைத்த பாறையை விட்டு விலகி விழும். கொஞ்சம் தொய்வாக விட்டு, மனத்துக்குள் ஒன்று, இரண்டு என எண்ணுங்கள். நரம்பு தளர்ந்தால் புழு தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அங்கே ஐந்து முதல் பத்து விநாடி விடுங்கள், பொறுமை இருந்தால் இன்னும் கூட விடலாம். பிறகு ராடை மட்டும் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தி ஓரடி தூரம் தரையோடு இழுத்து, ராடைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்போது மிஞ்சும் தொய்வை ரீலில் சுற்றிக்கொள்ளுங்கள். ரீலின் வேலை தொய்வை எடுப்பது மட்டுமே. புழுவை நகர்த்துவது ராடின் வேலை. தரை சேறா, சரளையா, கட்டையா என்பது சில நாளில் கைக்குத் தெரிந்துவிடும்: சேறு நுங்கின்மேல் இழுப்பதுபோல் வழவழப்பாக வரும், சரளை அம்மியைப் பொளிவதுபோல் நரநரக்கும். கட்டையில் ஏறி மறுபக்கம் விழும் அந்த நொடியில் இன்னும் ஒருமுறை நிறுத்துங்கள்.

கடி எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்குக் கொத்தே விழவில்லை என்பதை நான் முழுதாக நம்பவும் இல்லை. உறிஞ்சித் துப்பும் மீன் ராடை வளைக்காது. நரம்பு தண்ணீருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். அது காற்றில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தாலும், பத்து எண்ணிக்கையில் இறங்க வேண்டிய புழு ஆறிலேயே நின்றுவிட்டாலும், விரலில் 'டிக்' என்று ஒரு சிறு தட்டு வந்தாலும், ஈயத்தின் கனமே திடீரென இல்லாமற்போனாலும் அது மீன்தான். ஆள்காட்டி விரலின் மேல் நரம்பைப் படிய விடுவது நல்ல பழக்கம். மெல்லிய முள் வெளியே தெரியும் ஃபினெஸ் ஜிக்கில் சுண்டி இழுக்க வேண்டாம். தொய்வை எடுத்து ராடைச் சாய்த்தாலே ஏறிவிடும். முள்ளைப் புழுவுக்குள் மறைத்திருந்தால் மட்டும் அழுத்தமாகச் சுண்டுங்கள்.

நரம்பைப் பொறுத்தவரை, ரீலில் பிரெய்டு என்னும் பின்னிய நரம்பும், முனையில் ராடின் நீளத்துக்கு ஆறு முதல் எட்டுப் பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன் லீடரும் (நுனி நரம்பும்) பாஸுக்கு வழக்கமான ஏற்பாடு. ஃப்ளூரோகார்பன் நைலானைவிடக் கனமானதால் மூழ்கும். தண்ணீரில் குறைவாகவே கண்ணுக்குத் தெரியும்.

டெக்சஸ் முறையில் முள்ளைப் புழுவுக்குள் மறைத்தால், இழுக்கும்போது புழு சுழன்று நரம்பு முறுக்கிக்கொள்கிறது.
– வாசகர், ஓமலூர்

புழு முள்ளில் கோணலாக இருக்கிறது. தோட்டா வடிவ ஈயத்தை நரம்பில் கோத்து ஆஃப்செட் முள்ளைக் கட்டிய பின், முள்முனையைப் புழுவின் தலையில் அரை சென்டிமீட்டர் இறக்கிப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் வளைந்த தோள் தலைக்குள் புதையும் வரை தள்ளி, முள்ளைத் திருப்பிவிடுங்கள். இப்போது முள்ளைப் புழுவின் மேல் ஒட்டிப் பிடித்து, அதன் வளைவு தொடும் இடத்தை நகத்தால் கீறி அடையாளம் செய்யுங்கள். குத்த வேண்டியது அந்த இடத்தில்தான். அரிசி அளவு தள்ளிக் குத்தினாலும் புழு வில்லாக வளையும். வளைந்த புழு சுழலத்தான் செய்யும்.

நம் ஏரிகளில் பாஸ் இல்லை. இந்தப் புழுவுக்கு விரால் வருமா?
– வாசகர், எடப்பாடி

வரும். அல்லி இலைகளுக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே சிக்காமல் போக டெக்சஸ் முறை மிகவும் ஏற்றது. ஈயத்தைக் குறைத்தோ நீக்கியோ, இலையின் மேலிருந்து இடைவெளிக்குள் புழுவை நழுவ விடுங்கள். விரால் பாஸைப்போல் மெல்ல உறிஞ்சாது, பாய்ந்து கவ்வும். பல்லும் உண்டு, ஆகவே ஆறு பவுண்டு லீடரை மறந்துவிட்டுத் தடித்ததைக் கட்டுங்கள். ஒரு மீனுக்கு ஒரு புழு செலவாகும் என்றும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து கொப்பளிப்பதைக் கண்டால் அங்கே வீசாதீர்கள். அடியில் காவல் நிற்கும் பெற்றோர் எதைப் போட்டாலும் பாயும். அதைப் பிடிக்கத் திறமை வேண்டியதில்லை, பிடித்துவிட்டால் குஞ்சுகள் மிஞ்சா.

ஏற்காட்டின் குளிருக்குப் பாஸ் நன்றாக வளருமே, குஞ்சுகளை வரவழைத்து ஏரியில் விட்டால் சுற்றுலாவுக்கும் நல்லதல்லவா?
– வாசகர், ஏற்காடு

வளரும் என்பதுதான் என் அச்சமும். ஜப்பானில் 1925-இல் ஆஷி ஏரியில் கொண்டுவந்து விட்ட மீன் இது. பின்னர் நாடெங்கும் பரவி, பீவா ஏரியின் சொந்த மீன்களைத் தின்று குறைத்தது. அதை உயிரோடு வளர்க்கவும் எடுத்துச் செல்லவும் விடவும் தடைவிதிக்கும் சட்டம் 2005-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் ஜியார்ஜியா மாநிலத்தில் 1932-இல் பிடிபட்ட பத்துக் கிலோ பாஸின் உலகச் சாதனையை 2009-இல் சமன் செய்த மீன் அதே பீவா ஏரியில்தான் பிடிபட்டது; தூண்டில்காரனுக்குக் கொண்டாட்டமான அந்தச் செய்தி அந்த ஏரியின் சிறு மீன்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். நமக்கு 1952-இல் வெளிநாட்டிலிருந்து வந்த ஜிலேபி மீன் ஒன்றே போதும்.

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது. இந்த நிலையில் புழுவை எங்கே வீசலாம்?
– வாசகர், கொளத்தூர்

இப்போது வீசுவதைவிட நடப்பது நல்லது. நீர் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. தூண்டில்காரர் பார்க்க வேண்டியவை அவற்றைச் சுற்றியுள்ள சாதாரணப் பொருள்கள். வெட்டிய மரத்தின் தூர், இடிந்த சுவரின் அடித்தளம், பழைய வாய்க்காலின் கரை, சேறு முடிந்து சரளை தொடங்கும் கோடு ஆகியவற்றைக் கரையில் உள்ள நிலையான அடையாளம் ஒன்றோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு விராலோ வாளையோ ஒதுங்கி நிற்கக்கூடிய இடங்கள் அவையே. சேறு காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே இளகியிருக்கும், ஒரு கோலால் குத்திப் பார்த்தே கால் வையுங்கள். வீசும் நாளுக்கு முன், அந்தப் பகுதியில் தூண்டில் போட அனுமதி உண்டா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே உரிமம் பெற்ற மீனவர்களின் வலை விரிந்திருக்கும் இடத்தில் ஈயத்தலை முள்ளை வீசினால், உங்கள் புழு போவதோடு அவர்களுடைய வலையும் கிழியும்.