மோதிரம் போடும்போது சொல்லும் அந்த வார்த்தை

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் என் மகனுக்கு அங்கேயே ஆங்கிலிகன் சர்ச்சில் கல்யாணம். அந்தச் சர்ச்சின் பழைய ஆராதனை நூலான 1662 ஜெபப் புத்தக முறையைக் கேட்டிருக்கிறார்கள். மோதிரம் போடும்போது மணமகன், “வித் மை பாடி ஐ தீ வொர்ஷிப்” (என் சரீரத்தால் உன்னை வொர்ஷிப் செய்கிறேன்) என்று பெண்ணிடம் சொல்ல வேண்டுமாம். “தேவனுக்குரிய ஆராதனையை மனுஷிக்குக் கொடுப்பதா? அந்த வரியை எடுத்தால்தான் வருவேன்” என்கிறார் என் கணவர். பெண் “கீழ்ப்படிவேன்” என்று சொல்வது பற்றிப் பிரச்சினை இல்லை. வொர்ஷிப்புக்கு என்ன அர்த்தம்?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் வார்த்தையை முடித்துவிடுவோம். பழைய ஆங்கிலத்தில் ‘வெயோர்த்’ என்றால் மதிப்பு. அதோடு, ‘ஃப்ரெண்ட்ஷிப்’பில் வருகிற அதே ‘ஷிப்’ சேர்ந்தது. மதிப்புடைமை, கௌரவம், அவ்வளவுதான். கடவுளுக்குச் செய்யும் வழிபாடு என்ற பொருள் 1300-ஐ ஒட்டித்தான் ஏறியது. பழைய பொருளும் கூடவே நெடுநாள் ஓடியது. அங்கே மாஜிஸ்திரேட்டை ‘யுவர் வொர்ஷிப்’ என்பது அதன் மிச்சம்.

உங்கள் கணவர் வேதத்தைத்தான் நம்புவார் என்றால், யோவான் 12:26-ஐத் திறக்கச் சொல்லுங்கள். ஊழியம் செய்கிறவனைப் பிதா “கனம்பண்ணுவார்” என்கிறது நம் தமிழ். 14-ஆம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பான விக்ளிஃப் பைபிளில் அந்த இடத்தில் இருப்பது வொர்ஷிப். உங்கள் கணவர் கணக்குப்படி பிதாவே மனுஷனை ஆராதிக்கிறார் என்றாகிவிடும்! லூக்கா 14:10-லும் பந்தியில் கிடைக்கும் ‘கனம்’, 1611 ஆங்கில பைபிளில் வொர்ஷிப்தான். நம் ‘கனம்’ எடையையும் குறிக்கும், மரியாதையையும் குறிக்கும். இதைவிடப் பொருத்தமான சொல் தேடினாலும் கிடைக்காது.

இந்த ஆட்சேபணையும் புதிதில்லை. 1604-இல் சர்ச் முறைகளைப் பற்றிப் பேச ராஜா கூட்டிய ஹாம்ப்டன் கோர்ட் மாநாட்டில், சர்ச்சை இன்னும் சீர்திருத்தக் கேட்ட பியூரிட்டன் தரப்பின் அறிஞர் ரெனால்ட்ஸ் இதே வரியைக் கிளப்பினார். உமக்கு நல்ல மனைவி வாய்த்திருந்தால், அவளுக்கு எவ்வளவு வொர்ஷிப் செய்தாலும் தகும் என்று நினைப்பீர் என்ற பாணியில் ராஜா முதலாம் ஜேம்ஸ் அவர் வாயை அடைத்தார். 1549-இன் முதல் ஜெபப் புத்தகத்திலேயே இருந்த வரி 1662-லும் நின்றது.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். “கீழ்ப்படிவேன்” என்பதில் பிரச்சினை இல்லையா, யாருக்கு? உங்கள் மகன் ஒரு பெண்ணைக் கனம்பண்ணுவேன் என்றால் விசுவாசம் ஆட்டம் காண்கிறது. அவள் ஆயுசுக்கும் கீழ்ப்படிவேன் என்றால் யாருக்கும் உறுத்தவில்லை. ஒரே புத்தகம், ஒரே ஆராதனை, சில நிமிஷ இடைவெளியில் வரும் இரண்டு வரிகள். ஒன்றுக்கு மட்டும் அகராதி தேடுகிறீர்கள். மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யச் சொல்லும் 1 பேதுரு 3:7 புருஷர்களுக்கு எழுதியது. மாமியாராகப் போகிற நீங்கள்தான் அதை முதலில் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

வரியை மட்டும் வெட்டித் தரச் சொல்லி சர்ச்சுக்கு ஆள் அனுப்பாதீர்கள். அங்கீகரித்த முறையை வீட்டுக்கு வீடு வெட்டி ஒட்ட மாட்டார்கள். 2000-இல் வந்த புதிய முறை ஒன்று உண்டு. அதில் வொர்ஷிப் போய் ‘ஹானர்’ (கனம்) வந்திருக்கிறது. மோதிரத்தின்போது பெண்ணும் அதையே சொல்கிறாள். கூடவே அதன் வழக்கமான உறுதிமொழியில் ‘ஒபே’, அதாவது கீழ்ப்படிவேன், கிடையாது. இரண்டு பிரதிகளையும் மகனும் பெண்ணும் உட்கார்ந்து படிக்கட்டும். எதுவென்று அவர்களே முடிவுசெய்து, ஆராதனைத் தாள் அச்சுக்குப் போகும் முன் குருவானவரிடம் சொல்லட்டும். உங்கள் கணவருக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள்.