தடுப்பூசி திறந்த கதவுகளும் திறக்காத கதவுகளும்
வாசகர் கேள்வி – பதில்

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டுப் பயணமும் கேளிக்கைப் பூங்காக்களும் முடங்கி மீண்டதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: தடுப்பூசி போட்டவர்களின் விகிதம் உயர்ந்ததால்தான் டிஸ்னி போன்ற பெரிய பூங்காக்கள் மீண்டும் திறக்கப்பட்டன என்று என் மகன் சொல்கிறான். அது சரிதானா? – ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: கலிபோர்னியாவைப் பொறுத்தவரை அவர் சொல்வது பெருமளவு சரி, ஃபுளோரிடாவைப் பொறுத்தவரை சரியில்லை. ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் யுனிவர்சல் பூங்கா 2020 ஜூன் 5 அன்றும், வால்ட் டிஸ்னி வேர்ல்டின் முதல் இரு பூங்காக்கள் அதே ஆண்டு ஜூலை 11 அன்றும் திறக்கப்பட்டுவிட்டன. அப்போது தடுப்பூசி என்பது ஆய்வு நிலையில்தான் இருந்தது. அமெரிக்காவில் முதல் ஊசி பொதுப் பயன்பாட்டில் போடப்பட்டது 2020 டிசம்பர் 14 அன்றுதான். டிஸ்னி திறந்த மறுநாள் ஃபுளோரிடா மாநிலம் ஒரே நாளில் 15,000-க்கும் மேற்பட்ட புதிய தொற்றுகளை அறிவித்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே கதவைத் திறந்தது நோய்நிலவரமோ மருந்தோ அல்ல, மாநில அரசின் கொள்கையே என்பது விளங்கும்.

கலிபோர்னியாவில் கதை வேறு. அனகைம் நகரிலுள்ள டிஸ்னிலேண்ட் 2020 மார்ச் 14 அன்று மூடப்பட்டு, 13 மாதங்களுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்து, 2021 ஏப்ரல் 30 அன்றுதான் திறந்தது. அந்த மாநிலம் தன் மாவட்டங்களை, தொற்று மிக அதிகமானதிலிருந்து மிகக் குறைந்தது வரை, ஊதா, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என நான்கு நிறங்களாகப் பிரித்திருந்தது. 2021 ஏப்ரல் முதல் சிவப்பு மாவட்டத்தில் 15 சதவீதம், ஆரஞ்சில் 25, மஞ்சளில் 35 சதவீதக் கொள்ளளவில் பூங்காக்கள் இயங்கலாம் என்றும், மாநிலவாசிகளை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்றும் விதி வந்தது. நோயால் மிகவும் பாதிக்கப்பட்ட ஏழ்மையான பகுதிகளில் 20 லட்சம் தவணை ஊசிகள் போடப்பட்டதும், ஒரு மாவட்டம் சிவப்புக்குள் வருவதற்கான தொற்று வரம்பைத் தளர்த்துவது என்று மாநில அரசு தீர்மானித்திருந்தது. அந்த எண்ணிக்கை மார்ச் 12 அன்று எட்டப்பட்டது. தடுப்பூசிக் கணக்கும் பூங்காவின் வாசலும் இத்தனை நேரடியாக இணைக்கப்பட்டிருந்த வேறோர் ஏற்பாட்டை நான் அறியேன். போதாக்குறைக்கு, மூடிக்கிடந்த டிஸ்னிலேண்டின் வாகன நிறுத்துமிடமே 2021 ஜனவரியில் ஆரஞ்சு மாவட்டத்தின் (இது அந்த மாவட்டத்தின் பெயர், மேலே சொன்ன நிறமல்ல) முதல் பெரிய தடுப்பூசி முகாமாகவும் இருந்தது.

கேள்வி: தடுப்பூசி விகிதம் கூடிய பிறகு பூங்காவின் உள்ளே நடைமுறையில் என்னதான் மாறியது? முகக்கவசம் போனதைத் தவிர வேறு வித்தியாசம் இருந்ததா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முகக்கவசம் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம். பூங்காவை நடத்துபவர்களின் கவலையெல்லாம் இடைவெளியைப் பற்றியது. ஒரு சவாரியில் மணிக்கு எத்தனை பேரை ஏற்றி இறக்க முடியும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு. ஆறடி இடைவெளி கட்டாயம் என்றால், ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே இருக்கை வரிசை காலியாக ஓடும். இடையில் கண்ணாடித் தட்டிகள் வைத்தால்தான் அந்த வரிசையை நிரப்ப முடியும். அதே வேளையில், வரிசையில் நிற்பவர்களும் ஆறடி தள்ளி நிற்பதால், குறைந்த கூட்டம்கூட நடைபாதை வரை நீண்டு கிடக்கும். டிஸ்னி வேர்ல்ட் 2020 இலையுதிர்காலத்தில் தன் கொள்ளளவை 25 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக உயர்த்தியது. அந்த 35 சதவீதமும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நிறைந்த கூட்டமாகத் தெரிந்ததற்கு இந்த நீண்ட வரிசைகளே காரணம்.

2021 மே 13 அன்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் முகக்கவசம் தேவையில்லை என்று அறிவித்தது. அதன் பின் சில வாரங்களிலேயே எல்லாம் வேகமாக மாறின. டிஸ்னி வேர்ல்டில் நுழைவாயில் உடல்வெப்பப் பரிசோதனை நின்றது. ஆறடி மூன்றடியாகி, ஜூன் மாதத்தில் ஏறக்குறைய கைவிடப்பட்டது. சவாரிகளின் எல்லா இருக்கை வரிசைகளும் நிரம்பத் தொடங்கின. ஓரிடத்தில் ஆயிரக்கணக்கானோரை நெருக்கி நிறுத்தும் என்பதற்காக நிறுத்தப்பட்டிருந்த வாணவேடிக்கை ஜூலை 1 அன்று திரும்பியது. மிக்கி வேடமிட்டவர் குழந்தையைக் கட்டியணைப்பது மட்டும் 2022 ஏப்ரல் வரை காத்திருந்தது. எதை எந்த வரிசையில் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதை வைத்தே, எது ஆபத்து என்று அந்த நிறுவனம் கணித்திருந்தது என்பதை ஊகிக்கலாம்.

ஆனால், இடைவெளி விதி போனதும் பூங்கா பழையபடி முழுக் கொள்ளளவுக்குத் தாவிவிடவில்லை; அதற்கு ஆள் வேண்டும். டிஸ்னி 2020 செப்டம்பரில் 28,000 ஊழியர்களை நீக்குவதாக அறிவித்திருந்தது. சமையல்காரர், சவாரி இயக்குபவர், தூய்மைப் பணியாளர் ஆகியோரைத் திரும்ப அழைத்துப் பயிற்றுவிக்க மாதங்கள் பிடித்தன. டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவில் பல நாடுகளின் பெயரால் உள்ள அரங்குகளில் அந்தந்த நாட்டு இளைஞர்களே பணியாற்றுவது வழக்கம். அவர்கள் 2020 மார்ச்சில் திருப்பி அனுப்பப்பட்டனர். எல்லைகளும் விசா நடைமுறைகளும் சீரான பிறகு, 2022-இல்தான் அந்தத் திட்டம் மெல்ல உயிர்பெற்றது. பயணக் கட்டுப்பாடு என்பது விருந்தினர் வருகையை மட்டுமல்லாமல், விருந்தோம்புபவர்களின் வருகையையும் தடுத்திருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கேள்வி: விமானத்தில் ஏறச் சான்றிதழ் கேட்டார்கள். பூங்கா வாசலில் மட்டும் ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் பிறகு மீண்டும் கட்டுப்பாடுகள் வந்திருக்காதே? – ஓர் ஆசிரியர், மதுரை

பதில்: முதலாவதாக, சில இடங்களில் கேட்டார்கள். பிரான்சில் 2021 ஜூலை 21 முதல் கேளிக்கை இடங்களுக்குச் சுகாதாரச் சான்று கட்டாயமானபோது பாரிஸ் டிஸ்னிலேண்டிலும் அது நடைமுறைக்கு வந்தது. தடுப்பூசி, எதிர்மறைப் பரிசோதனை, நோயிலிருந்து மீண்டமை ஆகிய மூன்றில் ஒன்றுக்குச் சான்று காட்டினால் போதும். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 2021 அக்டோபர் 7 முதல் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஹாலிவுட் போன்ற தீம் பார்க்குகளில் தடுப்பூசிச் சான்று அல்லது எதிர்மறைப் பரிசோதனையைக் கேட்கச் சொன்னது. அதை ஒட்டியுள்ள ஆரஞ்சு மாவட்டத்தில் அந்த ஆணை இல்லாததால், டிஸ்னிலேண்டில் அவ்வாறு கேட்கவில்லை. ஒரே மாநிலத்தில் அடுத்தடுத்த மாவட்டங்களில் இருவேறு நடைமுறை! ஃபுளோரிடாவிலோ, 2021 மே மாதம் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட சட்டம், வாடிக்கையாளரிடம் வணிக நிறுவனங்கள் தடுப்பூசிச் சான்று கேட்பதையே தடை செய்தது. எனவே அங்கே டிஸ்னி, முகக்கவசமின்றி வருபவர் தடுப்பூசி போட்டவர் என்று நம்பிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. ஊழியர்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கிய அதன் முடிவும், அதே ஆண்டு நவம்பரில் மாநிலம் கொண்டுவந்த இன்னொரு சட்டத்தால் நிறுத்திவைக்கப்பட்டது.

இரண்டாவதாக, பூங்காவுக்கு வரும் கூட்டத்தின் தன்மையை நினைத்துப் பாருங்கள். நாட்டின் சராசரி தடுப்பூசி விகிதம் எவ்வளவு என்பது வேறு. வாசலில் நிற்கும் குடும்பங்களில் அது எவ்வளவு என்பது வேறு. அமெரிக்காவில் 12 முதல் 15 வயதினருக்கு 2021 மே மாதத்திலும், 5 முதல் 11 வயதினருக்கு நவம்பர் தொடக்கத்திலும், ஐந்து வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு 2022 ஜூன் மாதத்திலும்தான் ஊசி கிடைத்தது. ஆகவே 2021 கோடைவிடுமுறையில் பூங்காவின் முதன்மை விருந்தினர்களான, 12 வயதுக்குக் கீழுள்ள சிறுவர்களுக்கு, பெற்றோர் எவ்வளவு விரும்பினாலும், சான்றிதழ் என ஒன்று இருக்கவே முடியாது. பெரியவர்களின் விகிதத்தை மட்டும் வைத்துக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய முடிவில் இந்த ஓட்டை முதலிலிருந்தே இருந்தது.

டெல்டா வகை பரவியபோது அது வெளிப்பட்டது. வயதுவந்தோரில் 70 சதவீதத்தினர் ஒரு தவணையாவது போட்டிருக்க வேண்டும் என்று அதிபர் பைடன் ஜூலை 4-க்கு வைத்த இலக்கு ஆகஸ்ட் 2 அன்றுதான் எட்டப்பட்டது. அதற்குள், ஜூலை 30 அன்றே, டிஸ்னி பூங்காக்களின் உள்ளரங்குகளில் தடுப்பூசி போட்டவர்களுக்கும் முகக்கவசம் திரும்ப வந்துவிட்டது. தடுப்பூசி கடுமையான நோயையும் மரணத்தையும் வெகுவாகக் குறைத்தது. தொற்றைக் கடத்துவதை அந்த அளவுக்குத் தடுக்கவில்லை. எனவே சான்றிதழ் கேட்டிருந்தாலும் முகக்கவசம் திரும்பியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் மருத்துவமனைகளின் சுமை கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

கேள்வி: தடுப்பூசி விகிதம் உயர்ந்தாலே போதும் என்றால், சீனாவில் ஷாங்காய் டிஸ்னிலேண்ட் ஏன் திரும்பத் திரும்ப மூடப்பட்டது? – ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: நல்ல கேள்வி. 2021 அக்டோபர் இறுதிக்குள் சீன மக்களில் நான்கில் மூன்று பங்கினர் முழுமையாகத் தடுப்பூசி போட்டிருந்தனர். ஆயினும் அக்டோபர் 31 அன்று, முந்தைய நாள் வந்துபோன ஒருவருக்குத் தொற்று உறுதியானதால், பூங்காவிலிருந்த சுமார் 34,000 பேரையும் பரிசோதித்த பின்னரே வெளியே விட்டனர். தலைக்கு மேல் வாணவேடிக்கை நடக்க, கீழே மக்கள் பரிசோதனைக்கு வரிசையில் நின்றார்கள். எவருக்கும் தொற்று இல்லை. அதன் பிறகும் இரண்டு நாள் மூடினார்கள். 2022-இல் மார்ச் 21 முதல் ஜூன் 29 வரை மூடிக்கிடந்தது. நோயை ஒன்றுமில்லாமல் ஆக்குவதே அரசின் இலக்காக இருக்கும்வரை எத்தனை சதவீதத் தடுப்பூசியும் போதாது. அதே ஊசி, நோயோடு வாழ முடிவெடுத்த நாட்டில் வேறு பலன் தருகிறது.

கேள்வி: இரண்டு தவணை கோவிஷீல்டு போட்டும் 2021-இல் நாங்கள் எங்கும் போக முடியவில்லை. இந்தியப் பயணிகளுக்குத் தடுப்பூசியால் உண்மையில் எப்போது வழி திறந்தது? – ஒரு வாசகி, சென்னை

பதில்: பூங்காவைவிட எல்லையில்தான் தடுப்பூசியின் செல்வாக்கு அதிகம். எல்லையில் ஏற்கெனவே பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கும் ஏற்பாடு இருப்பதால், இன்னொரு தாளைச் சேர்த்துச் சரிபார்ப்பது எளிது. ஆனால் அங்கே உங்கள் கையில் ஊசி ஏறியதா என்பதோடு, அந்த ஊசியை அந்த நாடு ஏற்கிறதா என்பதும் கேள்வியானது. இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசித் திட்டம் தொடங்கி, அக்டோபர் 21 அன்று 100 கோடித் தவணைகளைக் கடந்தது. இத்தனைக்கும் அமெரிக்கா 2021 மே 4 முதல் இந்தியாவிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோரைத் தடுத்திருந்தது. அந்தத் தடை நவம்பர் 8 அன்று நீங்கி, முழுமையாகத் தடுப்பூசி போட்ட வெளிநாட்டினர் பரிசோதனைச் சான்றுடன் நுழையலாம் என்றானது. உலக சுகாதார நிறுவனம் கோவாக்சினுக்கு நவம்பர் 3 அன்றுதான் ஒப்புதல் தந்ததால், அந்த ஊசி போட்டவர்களுக்கு வழி திறந்தது கடைசி நிமிடத்தில்தான். பிரிட்டன் இந்தியச் சான்றிதழை ஏற்காமல் இழுத்தடித்து, இந்தியா பதிலுக்குப் பிரிட்டன் பயணிகளுக்குத் தனிமைப்படுத்தலை விதித்த பின், அக்டோபர் 11 முதல் இறங்கிவந்தது.

நம்மவர்களுக்கு அருகில் திறந்த ஒரு வழி சிங்கப்பூர். 2021 ஆகஸ்ட் இறுதியிலேயே மக்களில் 80 சதவீதத்தினருக்கு முழுமையாகத் தடுப்பூசி போட்டுவிட்ட அந்நாடு, தடுப்பூசி போட்ட பயணிகளுக்கான தனிவழியை நவம்பர் 29 அன்று சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து தொடங்கியது. தனிமைப்படுத்தல் இல்லாமல், பரிசோதனையோடு போய் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸைப் பார்க்க முடிந்தது. ஒமிக்ரான் வந்ததும் டிசம்பர் 23 முதல் நான்கு வாரங்களுக்குப் பயணச்சீட்டு விற்பனையை நிறுத்தினார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் தடுப்பூசி போட்ட எல்லோருக்கும் பொதுவாக எல்லை திறந்தது. இந்தியாவின் வழக்கமான சர்வதேச விமானச் சேவை அதற்குச் சில நாள் முன்பு, மார்ச் 27 அன்று மீண்டது.

ஆர்லாண்டோ போக நினைத்தவர்களுக்கு அதன் பிறகும் விடிவில்லை. 2022 ஜூனில் பரிசோதனை விதியை அமெரிக்கா நீக்கியது; ஆனால் அந்த ஆண்டின் பிற்பகுதியில் சுற்றுலா விசாவுக்கான நேர்காணல் தேதி இந்தியாவில் சில தூதரகங்களில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் தள்ளிப்போனது. தடுப்பூசிக் கட்டாயம் 2023 மே மாதம் நீங்கியது. விசா வரிசை அப்போதும் நீண்டே இருந்தது.

கேள்வி: அக்காலக் கட்டுப்பாடுகளில் எதுவாவது பூங்காக்களில் தங்கிவிட்டதா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கூட்டத்தைக் குறைப்பதற்காக 2020 ஜூலையில் டிஸ்னி வேர்ல்டில் வந்த முன்பதிவுமுறை, இடைவெளி விதிகள் போன பிறகும் நீடித்தது. நாள்வாரியாக எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், அதற்கேற்ப ஆட்களையும் உணவையும் திட்டமிடலாம் என்பதை நிர்வாகம் சுவைத்துவிட்டது போலும். தேதியிட்ட டிக்கெட்டுகளுக்கு அந்தத் தேவை 2024 ஜனவரி 9 அன்றுதான் நீக்கப்பட்டது. கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. அங்கே போகத் திட்டமிடுபவர்கள் டிக்கெட் வாங்கும்போதே தேதிக்கு முன்பதிவு தேவையா என்று பார்த்துக்கொள்வது நல்லது.