வடிவமைப்பு மேசை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று பேர் மட்டுமே பணியாற்றும் சிறிய வடிவமைப்புக் கூடத்தை நடத்தி வருகிறீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் புதிய எண்ணம் எங்கிருந்து கிடைக்கிறது?

பதில்: பிறர் செய்து முடித்த அழகான வடிவமைப்புகளை இணையத்தில் புரட்டிக்கொண்டிருந்த நாள்களில் எங்களுக்கு உருப்படியாக ஒன்றும் தோன்றியதில்லை, தோன்றியவையும் பார்த்தவற்றின் சாயலாகவே இருந்தன. பயன்பட்ட எண்ணங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்ட வேலைக்குள்ளேயே கிடந்தவைதாம். ஒரு தச்சுப் பட்டறைக்குச் சின்னம் வரைய வேண்டியிருந்தது. பட்டறையின் பெயர் ‘ப’ என்ற எழுத்தில் தொடங்கும். ரம்பம், உளி, இழைப்புளி என்று பத்து நாள்கள் வரைந்து தள்ளினோம்; அவற்றில் ஒன்றுகூட அந்தப் பட்டறைக்கு மட்டும் உரியதாக இல்லை. பிறகு நேரிலேயே சென்று, இரண்டு சட்டங்களை ஆணியின்றிப் பொருத்துவதற்காகத் தச்சர் ஒரு மரத்துண்டில் காடி (நீளப் பள்ளம்) வெட்டுவதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்டி முடித்ததும் தூளை ஊதிவிட்டு அவர் அந்தத் துண்டைத் திருப்பி வைத்தார். எங்களை நோக்கியிருந்த முனை அச்சு அசலாக ‘ப’ போலவே இருந்தது. எழுத்தின் நடுவிலுள்ள வெற்றிடத்தில் வேறு நிறச் சதுரம் ஒன்றைப் பொருத்தியதோடு வேலை முடிந்தது.

வெற்றிடத்தைப் பார்க்கப் பழகுவது இத்தொழிலின் பழைய பாடம். 1994-இல் லிண்டன் லீடர் வடிவமைத்த, ஃபெடெக்ஸ் என்ற கூரியர் நிறுவனத்தின் ஆங்கிலச் சின்னத்தில் (FedEx) கடைசி இரண்டு எழுத்துகளுக்கு இடையே ஓர் அம்பு இருக்கிறது. எவரேனும் சுட்டிக்காட்டும்வரை பலர் அதைக் கவனிப்பதில்லை. எண்ணம் வேலைக்குள்ளேயே கிடக்கும் என்பதற்கும் ஒரு பழைய சான்று உண்டு. 1931-இல் லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் தடங்களை நேர்கோடுகளாகவும் சாய்கோடுகளாகவும் மாற்றி வரைந்த ஹாரி பெக், ஓவியராக அல்லாமல் தொழில்நுட்ப வரைவாளராகப் பணியாற்றியவர். நிலத்தின் அடியில் செல்லும் பயணிக்குத் தூரத்தைவிட எந்த நிலையத்தில் மாறி ஏறுவது என்பதே முக்கியம் என்று கண்டதுதான் அவருடைய எண்ணம். மற்றதெல்லாம் அதிலிருந்து பிறந்தது.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருந்த நீலம், அச்சில் மங்கிப்போவது ஏன்?

பதில்: திரை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது, அச்சோ, சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கருப்பு ஆகிய மைகளைக் கொண்டு, தாளில் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி நிறம் காட்டுகிறது. ஆகவே திரையில் தெரியும் சில நீலங்களை இந்த நான்கு மைகளால் எட்டவே முடியாது. நிறத்தைத் திரையைப் பார்த்து முடிவு செய்யாமல், அச்சிட்ட நிற அட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. ஒருமுறை மாலையில், மஞ்சள் விளக்கின் கீழ் மாதிரி அச்சைப் பார்த்து நானே ஒப்புதல் அளித்துவிட்டேன். மறுநாள் வந்து இறங்கிய 500 அட்டைகளும் பகல் வெளிச்சத்தில் ஊதாவாகத் தெரிந்தன. நிறம் பார்ப்பதற்கென அச்சுத்துறை ஏற்றுக்கொண்டுள்ள 5000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வெண்ணொளி விளக்கு அதன் பிறகுதான் எங்கள் மேசைக்கு வந்தது.

கேள்வி: வாடிக்கையாளர் அனுப்பும் தமிழ்ப் பத்திகளைப் பக்கத்தில் ஒட்டியதும் எழுத்துகள் சிதறிவிடுகின்றனவே?

பதில்: பழைய எழுத்துருக்களில் தட்டியதாக இருந்தால், முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிக்கொள்ளுங்கள். ஒருங்குறியிலும் சிதறினால் குறை மென்பொருளின் அமைப்பில் இருக்கும். ‘கொ’ என்பது கணினிக்குள் ககரமும் அதற்குப் பின் ஒரே உயிர்க்குறியும்தான். அக்குறியை இரண்டாகப் பிரித்துக் ககரத்தின் இருபுறமும் நிறுத்துவது மென்பொருளின் கடமை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்ட்-ரெடி’ பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். அச்சுக்கு அனுப்புமுன் கொ, கோ, கௌ வரும் சொற்களை மட்டும் தனியாக ஒருமுறை பார்த்துவிடுவது எங்கள் வழக்கம்.

கேள்வி: “சின்னத்தை இன்னும் பெரிதாக்குங்கள்” என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்: அக்கம்பக்கத்தில் வேறு ஏதோ இரைந்துகொண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். சென்ற மாதம் ஒரு சுவரொட்டியில், சின்னத்தைச் சுற்றியிருந்த மூன்று வரிகளைக் கீழே இறக்கிவிட்டு, சின்னத்தின் அளவை அப்படியே விட்டு அனுப்பினோம். “இப்போதுதான் பெரிதாக இருக்கிறது” என்று பதில் வந்தது. அந்த அன்பர் இந்த இதழைப் படிப்பதில்லை என்று நம்புகிறேன்.