நண்பருக்குக் கொடுத்த வாக்கும் ஜாமீன் கையெழுத்தும்

கேள்வி: எனக்கு வயது 43. பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் தந்தை மருத்துவமனையில் இருந்தபோது, கல்லூரி நண்பர் ஒருவர் பத்து இரவுகள் என்னுடன் கண்விழித்து, ரத்தமும் கொடுத்தார். அன்று அவர் கையைப் பிடித்து, “உனக்கு எப்போது எது வந்தாலும் நான் இருக்கிறேன்” என்றேன். விசைத்தறிப் பட்டறை நடத்தும் அவர், இப்போது வங்கியில் வாங்கவிருக்கும் 8 லட்ச ரூபாய்க் கடனுக்கு என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார். பழைய கடனில் அவருக்குச் சில தவணைகள் நின்றுபோயிருக்கின்றன. மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகவிருப்பதால் மனைவி வேண்டாம் என்கிறாள். நண்பரோ, “அன்றைக்குச் சொன்னது வெறும் பேச்சுதானா?” என்று கேட்டுவிட்டார். கையெழுத்துப் போடாவிட்டால் நான் வாக்குத் தவறியவன் ஆகிவிடுவேனா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். ஆனால், அன்று சொன்னது ஏதோ உணர்ச்சி வேகத்தில் வந்த சொல் என்று உங்களையே சமாதானப்படுத்திக்கொள்ளவும் வேண்டாம். அந்த வாக்கு இன்றும் உயிரோடுதான் இருக்கிறது; அதனால்தான் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் ஜாமீன் என்பது என்னவென்று பார்த்துவிடுவோம். “வெறும் சம்பிரதாயம்தான் சார்” என்று சொல்லித்தான் பெரும்பாலும் படிவத்தை நீட்டுவார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரை, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரரின் பொறுப்பு என்கிறது. நண்பரிடம் கேட்டு, வழக்குப் போட்டு, எதுவும் தேறாத பிறகுதான் வங்கி உங்களிடம் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. தவணை நின்றால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் பதிவும் கெடும். நாளை மகளுக்காக நீங்கள் கல்விக்கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். நீங்கள் கட்டிய பணத்தை நண்பரிடமிருந்து வசூலிக்கும் உரிமையை அதே சட்டத்தின் 145-ஆவது பிரிவு தருகிறது என்பது உண்மைதான். ஆனால், பத்து இரவுகள் உங்களுக்காக விழித்திருந்தவர்மீது உங்களால் வழக்குத் தொடுக்க முடியுமா?

இனி வாக்குக்கு வருகிறேன். நட்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் நினைக்கிறோம். நேரில் பார்த்தே இராத புலவர் நிச்சயம் வருவார் என்று நம்பி, வடக்கிருந்த, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்த, சோழன் அவருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான், அவரும் வந்தார். ஆனால், அதே மன்னனுடன் அதே இடத்தில் உயிர்விட வந்த இன்னொரு நண்பர் பொத்தியார். அவருடைய மனைவி கருவுற்றிருந்ததால், மகன் பிறந்தபின் வா என்று சொல்லிச் சோழன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். இதைப் பொத்தியாரே புறநானூற்றின் 222-ஆவது பாட்டில், சற்று ஆற்றாமையோடு, அன்பில்லாதவனே என்று மன்னனை விளித்துச் சொல்கிறார். எனக்கு இந்த இரண்டாவது நட்புதான் நெஞ்சில் கூடுதலாகத் தங்குகிறது. நண்பன் கொடுக்க வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளாமல், அவனை நம்பியிருக்கும் வீட்டையும் சேர்த்து நினைத்துப் பார்த்தவன் அந்தச் சோழன். உங்கள் நண்பரும் நிம்மதியான ஒரு நாளில் அப்படி நினைக்கக்கூடியவராகத்தான் இருப்பார். இன்று நெருக்கடி அவரை வேறுவிதமாகப் பேசவைக்கிறது. அவர் கேட்ட அந்தக் கேள்விக்காக அவரை வெறுத்துவிடாதீர்கள்.

“நான் இருக்கிறேன்” என்றபோது நீங்கள் உங்களைத்தான் கொடுத்தீர்கள்; மகளின் படிப்பையோ மனைவியின் நிம்மதியையோ கொடுக்கவில்லை. அவரும் அந்தப் பத்து இரவுகளில் தன்னுடையதைத்தான் கொடுத்தார்: தன் தூக்கம், தன் ரத்தம், தன் நேரம். நீங்களும் அதே அளவுக்கு, வலிக்கும் அளவுக்கு, உங்களுடையதைக் கொடுக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தொலைபேசியில் மறுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால், அப்போதுதான் நீங்கள் வாக்குத் தவறியவர் ஆவீர்கள்.

ஆகவே, இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். தள்ளிப்போட்டால், உங்களை நம்பி அவர் வேறு வழி தேடாமல் இருந்துவிடுவார். “மனைவி வேண்டாம் என்கிறாள்” என்று சொல்லாதீர்கள். அது உங்கள் முடிவின் பழியை அந்தப் பெண்மணியின் தலையில் கட்டுவதாகும். கையெழுத்துப் போட முடியாது என்பதை நேராகச் சொல்லிவிட்டு, பட்டறையின் வரவு செலவுக் கணக்கை அவருடன் உட்கார்ந்து பாருங்கள். குறு, சிறு தொழில்களுக்கு மூன்றாம் நபர் ஜாமீன் இல்லாமலே வங்கிகள் கடன் கொடுப்பதற்காக, மத்திய அரசும் சிட்பி எனப்படும் இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய கடன் உத்தரவாத நிதியம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி வங்கி மேலாளரிடம் கேட்க அவருடன் நீங்களும் போகலாம். பழைய தவணைகள் அதற்குத் தடையாக இருந்தால், முதலில் அவற்றைச் சீர்செய்ய வழி கேளுங்கள். அதற்கு, உங்கள் மனைவியோடு கலந்துபேசி, திரும்பி வராவிட்டாலும் வீடு தாங்கக்கூடிய ஒரு தொகையை, கடன் என்ற சொல்லே இல்லாமல் கொடுங்கள்.

அவர் கோபப்படலாம், சில மாதங்கள் பேசாமலும் இருக்கலாம். அப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பட்டறைக்குப் போய், கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.