டிஏசி வாங்கினால் வீட்டு ஹைஃபையில் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்குமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: வீட்டில் ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் இருக்கின்றன. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து ஆக்ஸ் ஒயர் போட்டுப் பாட்டு கேட்கிறீர்கள். டிவியையும் இதே செட்டில் இணைக்க ஆசை. தனியாக ஒரு டிஏசி, அதாவது டிஜிட்டலை அனலாக் ஆக்கும் கன்வெர்ட்டர், வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

உங்கள் செட்டில் இரைச்சல் இருந்தால் தெரியும். டிவியில் சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ அவுட், ஹெட்ஃபோன் ஜாக் இரண்டுமே இல்லையென்றால் டிஏசி வாங்காமல் வேலையே நடக்காது. இந்த இரண்டு காரணமும் இல்லாமல், "சத்தம் இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கட்டும்" என்பதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், கீழே இருப்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏழெட்டு வருடம் இதில் பணமும் நேரமும் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். டிஏசி உங்களிடம் ஏற்கெனவே நாலைந்து இருக்கிறது. ஃபோனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று, டிவியில் ஒன்று, சிடி பிளேயர் இருந்தால் அதில் ஒன்று. டிஜிட்டல் பாட்டு என்பது வெறும் எண் வரிசை. சிடி தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 எண்கள், இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாக. ஒவ்வொரு எண்ணும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. அந்த எண்களை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக மாற்றிக் கொடுப்பதுதான் டிஏசியின் வேலை. 1982இல் சிடி பிளேயர் கடைக்கு வந்தபோது இது கஷ்டமான வேலையாகத்தான் இருந்தது. ஃபிலிப்ஸின் முதல் பிளேயரில் இருந்தது 14 பிட் சிப். நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் செய்துதான், அதாவது இருக்கும் எண்களுக்கு நடுவே மேலும் எண்களைக் கணக்கிட்டுச் சேர்த்துத்தான், 16 பிட் தரத்தை எட்டினார்கள். இன்றைக்கு அதைவிடச் சுத்தமாக வேலை செய்யும் சிப் ஃபோனில் செருகும் சின்ன டாங்கிளுக்குள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் தனிப் பெட்டி எதற்கு? சிப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் காரணம். லேப்டாப்புக்குள் பிராசசர், ஃபேன், பவர் சர்க்யூட் எல்லாம் ஒரே போர்டில் நெருக்கியடித்து இருக்கின்றன. அவற்றின் மின் இரைச்சல் ஆடியோ பாதையிலும் ஏறிவிடுகிறது.

என் வீட்டில் இதை நான் கண்டுபிடித்தது ஒரு கச்சேரி ரெக்கார்டிங்கில். ஆலாபனை தொடங்கும் முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் இருபது விநாடி. அந்த இடத்தில் மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் "கிர்ர்" என்று மெல்லிய சத்தம். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். பக்கத்தை ஸ்க்ரோல் செய்தால் வேறு சுருதியில் வரும். பாட்டு ஓடும்போது இது கேட்காது. ஆனால் ஒருமுறை காதில் பட்டுவிட்டால் அப்புறம் ஒவ்வொரு மௌனத்திலும் அதைத்தான் தேடுவோம். நீங்களும் இன்று இரவு வீடு அடங்கிய பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை வழக்கமான இடத்தில் வைத்து, ஸ்பீக்கரின் ட்வீட்டருக்கு (கீச்சென்ற சத்தங்களைக் கொடுக்கும் சின்ன வட்டம்) பக்கத்தில் காதை வைத்து மவுஸை நகர்த்திப் பாருங்கள். ஒன்றும் கேட்கவில்லையா? அப்படியென்றால் லேப்டாப்புக்காக டிஏசி வாங்க வேண்டிய அவசரம் இல்லை.

எனக்குக் கேட்டது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு சின்ன யுஎஸ்பி டிஏசி வாங்கிவந்தேன். மவுஸ் சத்தம் அன்றோடு போய்விட்டது. தம்புரா தனியாக நின்றது. அந்தச் சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் இன்னொரு தொல்லை அப்படியே இருந்தது. லேப்டாப் சார்ஜரைச் செருகினால் "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் ஒரு ரீங்காரம். கழற்றினால் நின்றுவிடும். இதுதான் கிரவுண்ட் லூப். என் ஆம்ப்ளிஃபயரும் மூன்று பின் பிளக், சார்ஜரும் மூன்று பின். இரண்டும் சுவரில் எர்த்தோடு இணைந்திருக்க, நடுவில் யுஎஸ்பி ஒயரின் கிரவுண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது. வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அந்த வளையத்தில் ஓடி ஸ்பீக்கரில் ரீங்காரமாக வருகிறது. யுஎஸ்பி டிஏசி எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், உள்ளே தனியாக மின் தடுப்பு வைத்திருந்தால் ஒழிய இது போகாது. செம்பு ஒயர் இரண்டு பக்கத்தையும் இணைத்துக்கொண்டுதானே இருக்கிறது.

நான் முதலில் செய்தது செலவில்லாத வேலை. இரண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினேன். நன்றாகவே குறைந்தது. முழுதாகப் போனது ஆப்டிகல் கேபிளுக்கு மாறிய பிறகு. லேப்டாப்பை விட்டுவிட்டு மேசைக் கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டேன், அதன் மதர்போர்டில் ஆப்டிகல் அவுட் இருந்தது. ஆப்டிகல் இன்புட் உள்ள டிஏசி ஒன்றை வாங்கி இணைத்தேன். ஆப்டிகலில் போவது வெளிச்சம் மட்டும். மின்சாரம் கடக்க வழியே இல்லை, ரீங்காரமும் இல்லை.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த ரீங்காரத்துக்கு வைத்தியமாக "எர்த் பின்னை உடைத்துவிடு" என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு ஒயர் கழன்று உலோகப் பெட்டியில் பட்டால், தொட்டவரைக் காப்பாற்ற இருப்பது அந்த எர்த் ஒன்றுதான். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

சரி, இரைச்சலெல்லாம் இல்லாத செட்டில் டிஏசியை மாற்றினால் இசையின் தரம் ஏறுமா? நான் பல மாதம் ஏறுகிறது என்று உறுதியாக நம்பினேன். லேப்டாப் ஜாக்கிலிருந்து டிஏசிக்கு மாறியதும் மிருதங்கத்தில் அடி கூடியது, குரல் முன்னால் வந்தது. காரணம் வால்யூம். லேப்டாப் ஜாக் பெரும்பாலும் ஒரு வோல்ட் அளவில்தான் கொடுக்கும்; தனி டிஏசிகள் சிடி பிளேயர் மாதிரி 2 வோல்ட் கொடுக்கும். மின்னழுத்தம் இரட்டிப்பானால் 6 டெசிபல் கூடுதல். ஒரு டெசிபல் கூடினாலே காது அதை "சத்தம் அதிகம்" என்று எடுத்துக்கொள்ளாது, "தெளிவு அதிகம்" என்றுதான் எடுத்துக்கொள்ளும். கடையில் இரண்டு பெட்டியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போதும் இதேதான் நடக்கிறது.

என் நம்பிக்கையை உடைத்துக் காட்டியவர் என் மச்சான். எலக்ட்ரீஷியன். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை மெதுவான வால்யூமில் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டு டிஏசிக்கும் ஒரே ரீடிங் வரும்படி சரிசெய்தார். சாதாரண மல்ட்டிமீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியைச் சரியாகக் காட்டாது, அதனால்தான் தாழ்ந்த டோன். இரண்டு ரீடிங்குக்கும் ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். பிறகு என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, என் சின்ன டிஏசியையும் நண்பரிடம் இரவல் வாங்கிய, அதைப்போல பத்து மடங்கு விலையுள்ள ஒன்றையும் நாணயம் சுண்டி மாற்றி மாற்றிப் போட்டார். பதினாறு முறையில் ஒன்பது முறை சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக் குத்துமதிப்பாகச் சொன்னாலே எட்டு வரும். ஆனால் லேப்டாப் ஜாக்கைக் கலந்தபோது, தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்துவிட்டேன். அன்றிலிருந்து என் முடிவு இதுதான்: நல்லபடி வடிவமைத்த இரண்டு டிஏசிகளுக்கு நடுவே என் காதுக்கு எட்டும் வித்தியாசம் இல்லை. மோசமான ஜாக்குக்கும் நல்ல டிஏசிக்கும் நடுவே இருக்கிறது.

சிப் பெயரை வைத்து நடக்கும் சண்டைகளையும் பார்த்திருப்பீர்கள். இஎஸ்எஸ் சாபர் உயர்ந்ததா, ஏகேஎம் இனிமையா என்று. இஎஸ்எஸ், ஏகேஎம் இரண்டும் டிஏசி சிப் செய்யும் கம்பெனிகள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் இருந்த ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்தது. சிப் கிடைக்காமல் பல கம்பெனிகள் அவசர அவசரமாக இஎஸ்எஸ் சிப்புக்கு மாறின. சிப் மாறியும் நன்றாகச் செய்தவர்களின் பெட்டி நன்றாகவே இருந்தது. பவர் சப்ளை, சிப்புக்குப் பின்னால் வரும் அனலாக் பகுதி, போர்டை அமைத்த விதம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு டிஏசி.

நீங்கள் போடும் பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். யூடியூபில் இருக்கும் பழைய பாட்டுகளில் பல, கேசட்டிலிருந்து யாரோ பதிவு செய்து ஏற்றியவை. அந்த டேப்பின் "உஸ்ஸ்" சத்தத்தை எந்த டிஏசியும் நீக்காது, நீக்கவும் கூடாது. வந்ததை வந்தபடி கொடுப்பதுதான் அதன் வேலை. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியில் எழுதியிருப்பதற்காக அதிகப் பணம் தர வேண்டாம். மனிதக் காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே, அதாவது விநாடிக்கு அந்த 44,100 எண்களே போதும்.

வாங்கும் முன் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆப்டிகல், கோஆக்சியல் என்று ஏதாவது எழுதியிருந்தால் டிஏசி உள்ளேயே இருக்கிறது, டிவிக்கு ஒரு கேபிள் வாங்கினால் போதும். இதைப் படிக்கும் வேறு யாராவது ஏவி ரிசீவர், அதாவது ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர், வைத்திருந்தால் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அனலாகில் கொடுப்பதைப் பெரும்பாலான ரிசீவர்கள் மறுபடி டிஜிட்டலாக்கி, தங்கள் சொந்த டிஏசி வழியாகத்தான் வெளியே அனுப்பும். டைரக்ட் மோடில் போட்டால் சிலவற்றில் தப்பிக்கலாம். மற்றபடி வெளியே வாங்கிய டிஏசி அங்கே வீண்.

என் வீட்டில் உண்மையிலேயே பெரிய மாற்றம் வந்தது ஸ்பீக்கரை நகர்த்தியபோது. ஷோகேஸ் மேல் மூலையில் இருந்தவற்றை இறக்கி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டில் வைத்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே இருந்த தூரமும் நான் உட்காரும் தூரமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். நம் வீடுகளில் டைல்ஸ் தரை, வெறும் சிமெண்ட் சுவர். நடு ஹாலில் நின்று ஒருமுறை கை தட்டினால் "டங்" என்று திரும்பி வரும். தரையில் ஒரு தடித்த ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டதும் பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே வந்து உட்கார்ந்தார். டிஏசிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

உங்கள் விஷயத்தில் டிவி இருப்பதால், யுஎஸ்பி, ஆப்டிகல் இரண்டு இன்புட்டும் உள்ள ஒரு சாதாரண டிஏசியே போதும். யுஎஸ்பியில் லேப்டாப், ஆப்டிகலில் டிவி, வெளியே ஆர்சிஏ கேபிள் ஆம்ப்ளிஃபயருக்கு. டிவி வேண்டாம், லேப்டாப் மட்டும்தான் என்றால் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிளே சுத்தமாக வேலை செய்யும். லேப்டாப்பில் வால்யூமை முழுசாக வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் குமிழில் கூட்டிக் குறையுங்கள்.

டிவியை இணைத்ததும் சத்தமே வராமலோ கரகரவென்றோ இருந்தால் பயப்பட வேண்டாம். டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் என்பதை பிசிஎம் (மேலே சொன்ன வெறும் எண் வரிசை) என்று மாற்றுங்கள். சுருக்கி அனுப்பும் டால்பி சிக்னலை இந்தச் சின்னப் பெட்டிகளால் பிரித்துப் படிக்க முடியாது. பல டிவிகளில் ஆப்டிகலுக்கு ரிமோட் வால்யூம் வேலை செய்யாது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சீரியல் நேரத்தில் அவர்கள் தடுமாற வேண்டாம். புது ஆப்டிகல் கேபிளின் இரண்டு முனையிலும் சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். அப்போதும் மௌனம் என்றால் டிஏசி பக்கத்து முனையை உருவிப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரிந்தால் டிவியும் கேபிளும் சரி, டிஏசியின் இன்புட் பட்டன் இன்னும் யுஎஸ்பியிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.